வாட்ச் சொன்னது 128, எக்ஸெல் சொன்னது 162!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் சாப்ட்வேரை ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக வெற்றுத் திரை தெரியும். "இது ஆபிஸ் கணக்கு எழுதத்தானே, வீட்டில் நமக்கு எதற்கு?" என்று உடனே மூடிவிடுவார்கள். இந்த மாதம் அதே எக்ஸெல்லில் ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் இதயத் துடிப்பை அளக்கப் போகிறோம். எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே வேலையை அப்படியே செய்யலாம்.

இதில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு டர்ப் மைதானத்தில் சனிக்கிழமை இரவுகளில் எங்கள் ஆபிஸ் நண்பர்கள் கால்பந்து ஆடுவோம். பக்கத்துக்கு ஐந்து பேர். பத்து நிமிட ஆட்டம். தோற்ற அணி வெளியே போய் உட்கார வேண்டும். எல்லோரும் முப்பதை ஒட்டியவர்கள். ஒருவர் மட்டும் 44 வயது. ஆபிஸில் அவர் எனக்கு சார், மைதானத்தில் அண்ணன். கல்லூரி நாட்களில் நன்றாக ஆடியவர். பதினைந்து ஆண்டுகள் பந்தைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தார்.

முதல் வாரம் ஆட்டம் முடிந்ததும் கையில் கட்டியிருந்த புது ஸ்மார்ட் வாட்ச்சைக் காட்டினார். சராசரி இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 128. "220லிருந்து வயசைக் கழிச்சா 176. அதுல 128ங்கிறது 73 சதவீதம்தான் தம்பி. வேகமா வாக்கிங் போற மாதிரிதான் ஆடியிருக்கேன்" என்றார். கணக்கு சரிதான். பொதுவாக, அதிகபட்சத் துடிப்பில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான உழைப்பு என்றும், அதற்கு மேல் கடும் உழைப்பு என்றும் கொள்கிறார்கள். ஆனால் அன்று அவர் முகம் சிவந்து, பேச்சு வராமல் வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். வாக்கிங் போனவர் அப்படி நிற்க மாட்டார் அல்லவா?

துடிப்பை ஏன் அளக்கிறார்கள்?

ஒருவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்பதை வைத்து அவர் உடல் எவ்வளவு உழைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஐந்து கிலோமீட்டர் ஒருவருக்குச் சாதாரணம், மற்றவருக்கு மூச்சு முட்டும். தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை கூடக் கூட இதயம் வேகமாகத் துடிக்கிறது. எனவே துடிப்பை எண்ணினால் உழைப்பின் கடுமை ஓரளவு தெரிந்துவிடும். ஆட்டக்காரரின் உடலில் வயரைச் செருகி மைதானத்துக்குள் அனுப்ப முடியாது என்பதால் இது நெடுநாள் ஆய்வுக் கூடத்துக்குள்ளேயே இருந்தது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ல் வயர் இல்லாத, உடலில் அணியும் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் விளையாட்டுக் களத்தில் இது பரவியது.

பதினோரு பேர் ஆடும் கால்பந்தில், 90 நிமிட ஆட்டத்தின் சராசரித் துடிப்பு ஆட்டக்காரரின் அதிகபட்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். புட்சால் இன்னும் கடுமை. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள கடினமான தரை. பக்கத்துக்கு ஐந்து பேர். துள்ளல் குறைந்த சிறிய பந்து. 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும், ஆகவே ஓய்வெல்லாம் கணக்கில் சேராது. ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இவ்வளவு முறை மாற்ற அனுமதிப்பதிலிருந்தே ஆட்டம் எப்படிப் பிழிந்தெடுக்கும் என்று ஊகிக்கலாம். ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2008ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், போட்டி ஆட்டங்களில் புட்சால் வீரர்களின் சராசரித் துடிப்பு அதிகபட்சத்தில் 90 சதவீதமாக இருந்தது. ஆட்ட நேரத்தில் 83 சதவீதம் அவர்கள் 85 சதவீதத்துக்கு மேலேயே இருந்தார்கள். அவர்கள் தினமும் பயிற்சி செய்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் டர்ப் ஆட்டம் சட்டப்படி புட்சால் அல்ல. செயற்கைப் புல், சுற்றிலும் வலை, பந்து வெளியே போவதே அபூர்வம். ஆனால் சிறிய இடத்தில் ஐந்து பேர் என்பதால் உடலுக்கு ஏறக்குறைய அதே வேலைதான். ஆட்கள் குறையக் குறைய ஒருவர் காலுக்குப் பந்து வருவது கூடும், நிற்க நேரம் இருக்காது. அப்படியானால் அண்ணனுக்கு மட்டும் எப்படி 73 சதவீதம்?

வாட்ச் ஏன் தடுமாறுகிறது?

ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுக்கும். தோலுக்குக் கீழே ரத்தம் பாயும்போது அந்த ஒளி எவ்வளவு உள்வாங்கப்படுகிறது என்பதை ஒரு சென்சார் கவனித்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் சீராக ஓடும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். கால்பந்தில் கை இங்கும் அங்கும் வீசப்படும், வியர்வையில் வாட்ச் வழுக்கும், ஓட்டம் நொடிக்கு நொடி மாறும். அப்போது சென்சார் பின்தங்கிவிடும். சில சமயம் கால் தரையில் படும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்! அண்ணனின் முதல் வாரப் பைலைத் திறந்தபோது, நடு ஆட்டத்தில் மூன்று நிமிடம் 84, 84, 84 என்றே வந்திருந்தது.

மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே நேரடியாகப் பிடிக்கிறது, ஈ.சி.ஜி. எடுப்பது போல. ஆகவே நம்பகம் அதிகம். கட்டும் முன் பட்டையின் ரப்பர் பகுதியைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் தாறுமாறாக வரும். மேலும், வாட்ச் கட்டிய கை எதிராளியின் முகத்தில் பட்டால் காயம் நிச்சயம். அதற்காகவும் பட்டையே மேல். இரண்டாவது வாரம் என்னுடைய பட்டையை அண்ணனுக்குக் கட்டிவிட்டேன்.

பைலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவோம்

மொபைலில் தெரியும் அழகான வட்டங்களும் வண்ணங்களும் சுருக்கம்தான். நமக்கு வேண்டியது நொடிக்கு ஒரு எண்ணாகப் பதிந்த முழுப் பைல். பல நிறுவனங்கள் தங்கள் இணைய தளத்தில் இதனைத் தருகின்றன. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, உங்கள் கருவிக்கான தளத்தில் நுழைந்து, குறிப்பிட்ட நாளின் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்போர்ட் என்ற பட்டன் அல்லது மெனு இருக்கும். சி.எஸ்.வி. வகை கிடைத்தால் அதனையே எடுங்கள். போலார் ப்ளோ தளத்தில் இது உண்டு. டவுன்லோட்ஸ் போல்டரில் வந்து சேர்ந்த பைலில் டபுள் கிளிக் செய்தால் எக்ஸெல்லில் திறந்துகொள்ளும்.

உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பைல் மெனுவில் சேவ் அஸ் கிளிக் செய்து, வகை என்ற இடத்தில் எக்ஸெல் ஒர்க்புக் என்று மாற்றி வேறு பெயரில் சேவ் செய்திடுங்கள். சி.எஸ்.வி. என்பது வெறும் எழுத்துகளும் காற்புள்ளிகளும் கொண்ட பைல். அதில் பார்முலாவும் நிற்காது, கிராப்பும் நிற்காது. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த கிராப்பை சி.எஸ்.வி. ஆகவே சேவ் செய்து, மறுநாள் திறந்து பார்த்து விழித்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

பைலின் மேல் வரிசைகளில் பெயர், தேதி, மொத்த நேரம் போன்றவை இருக்கலாம். அவற்றை நீக்கிவிட்டு, ஏ என்ற நெட்டு வரிசையில் நேரமும், பி நெட்டு வரிசையில் துடிப்பும் மட்டும் இருக்குமாறு செய்யுங்கள். முதல் படுக்கை வரிசை தலைப்புக்கு. எண்கள் பி2 செல்லில் தொடங்கும். அண்ணனின் பதிவு 1 மணி 40 நிமிடம், அதாவது 6000 நொடி. ஆகவே கடைசி எண் பி6001ல் இருந்தது. இவ்வளவு செல்களையும் மவுஸால் இழுத்துக்கொண்டே போக வேண்டாம். பி2ல் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்புக் குறி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசி வரை தேர்வாகிவிடும். இப்போது திரையின் கீழ்க் கோட்டைக் கவனியுங்கள். பார்முலா எதுவும் போடாமலேயே சராசரி அங்கே தெரியும். எங்களுக்கு 133 என்று காட்டியது. பட்டை கட்டியும் வாட்ச் சொன்னதற்குப் பக்கத்தில்தானே வருகிறது?

அண்ணன் சிரித்தார். நான் கிராப் போட்டேன். தேர்வு செய்த நிலையிலேயே இன்சர்ட் டேப் சென்று லைன் சார்ட் கிளிக் செய்தால் போதும்.

படத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நான்கு மலைகள், நடுவே நீண்ட பள்ளங்கள். அவர் ஆடியது பத்து நிமிட ஆட்டங்கள் நான்கு. மீதி 60 நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்ததும், தண்ணீர் குடித்ததும், ஆட்டம் முடிந்து அரட்டை அடித்துவிட்டுப் பதிவை நிறுத்தியதும். அந்த 60 நிமிடங்களின் சராசரி 114. மலையையும் பள்ளத்தையும் சேர்த்து மட்டம் பார்த்ததில் வந்த எண்தான் அந்த 133. சராசரியின் குணமே இதுதான். சம்பளமே இல்லாத மாதங்களையும் சேர்த்து ஒருவரின் மாதச் சம்பளத்தைச் சொல்வது போல.

ஆடிய நான்கு பகுதிகளை மட்டும் காப்பி செய்து புதிய ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். 2400 நொடிகள், பி2 முதல் பி2401 வரை. இப்போது காலியான ஒரு செல்லில் சமக் குறி போட்டு, ஆவரேஜ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக் குறிக்குள் பி2:பி2401 என்று கொடுத்து என்டர் தட்டினேன். விடை 162.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பட்டை நழுவிய நொடிகளில் சில கருவிகள் செல்லைக் காலியாக விடும், சில பூஜ்யம் போடும். ஆவரேஜ் பார்முலா காலி செல்லை விட்டுவிடும், பூஜ்யத்தை விடாது. பத்து நிமிட ஆட்டத்தில் ஒரு நிமிடம் பூஜ்யமாகப் போனால் 160 என்ற சராசரி 144 ஆகக் குறைந்துவிடும். எனவே ஆவரேஜ்இஃப் என்ற பார்முலாவைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக் குறிக்குள் முதலில் பி2:பி2401, பிறகு காற்புள்ளி, பிறகு இரட்டை மேற்கோளுக்குள் >0 என்று கொடுங்கள். பூஜ்யங்கள் கணக்கிலிருந்து விலகிவிடும்.

220ல் வயதைக் கழிப்பது எவ்வளவு சரி?

162 என்பது அவருடைய அதிகபட்சத்தில் எத்தனை சதவீதம்? இதற்கு அவருடைய அதிகபட்சம் தெரிய வேண்டும். 220ல் வயதைக் கழிக்கும் வழி 1971ல் ஒரு மருத்துவக் கட்டுரையில் வந்தது. பல ஆய்வுகளின் புள்ளிகள் வழியே தோராயமாகப் போட்ட கோடு அது. தனி மனிதருக்கு அளவுகோலாக அமைத்ததல்ல. 2001ல் தனகா என்பவரும் அவருடைய சகாக்களும் 351 ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்கும் வழியைத் தந்தார்கள். இது மேல். ஆனாலும் ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு அதிகபட்சம் பத்து, பதினைந்து துடிப்புகள் தள்ளி இருப்பது சகஜம். அண்ணனுக்கு முதல் வழியில் 176, இரண்டாவது வழியில் 177. காலி செல்லில் மேக்ஸ் பார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். 183!

ஒரு நொடி மட்டும் எகிறிய எண் என்றால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடலாம். கிராப்பில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 179, 180, 182, 183 என்று படிப்படியாக ஏறி, சில நொடி நின்று, படிப்படியாக இறங்கியிருந்தது. அது உண்மையான துடிப்பு. ஆகவே 183ஐயே அவருடைய அதிகபட்சமாக எடுத்துக்கொண்டோம். 162ஐ 183ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 89 சதவீதம். ஸ்பெயினின் புட்சால் வீரர்கள் போட்டியில் உழைத்த அளவு!

அதிகபட்சத்தைக் கண்டுபிடிக்க இளம் வீரர்களை யோயோ டெஸ்ட் என்ற முறையில் 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி, பத்து நொடி ஓய்வு எடுத்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே முடியாதவரை ஓட விடுவார்கள். நாற்பதைத் தாண்டி, நெடுநாள் விளையாடாமல் இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இதனை முயற்சி செய்யவே கூடாது.

மண்டலங்களாகப் பிரிப்போம்

சராசரியைவிடத் தெளிவாகச் சொல்வது, எந்த அளவில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பது. அதிகபட்சத்தின் 50 சதவீதத்திலிருந்து பத்துப் பத்தாக ஐந்து மண்டலங்கள் பிரிப்பது வழக்கம். 183க்கு 60 சதவீதம் 110, 70 சதவீதம் 129, 80 சதவீதம் 147, 90 சதவீதம் 165 என்று முழு எண்ணாக்கிக் கொள்ளலாம். கவுன்ட்இஃப் என்ற பார்முலாவில் பி2:பி2401, காற்புள்ளி, மேற்கோளுக்குள் >=165 என்று கொடுத்தால் 1320 வந்தது. நொடிக்கு ஒரு எண் என்பதால் இது 1320 நொடி, அதாவது 22 நிமிடம். >=147 என்று கொடுத்தால் 2160. அதிலிருந்து முந்தைய 1320ஐக் கழித்தால் 840 நொடி, 14 நிமிடம். இப்படியே கழித்துக்கொண்டு போனால் மூன்றாம் மண்டலத்தில் 3 நிமிடம், இரண்டாவதில் 1 நிமிடம். முதல் மண்டலத்தில் எதுவும் இல்லை.

சாலி எட்வர்ட்ஸ் 1993ல் தந்த முறையில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதன் மண்டல எண்ணையே மதிப்பெண்ணாகக் கொடுப்பார்கள். 22ஐ 5ஆலும், 14ஐ 4ஆலும், 3ஐ 3ஆலும், 1ஐ 2ஆலும் பெருக்கிக் கூட்டினால் 177. அதே 40 நிமிடமும் மூன்றாம் மண்டலத்திலேயே மெதுவாக ஓடியிருந்தால் 120தான் வந்திருக்கும். பயிற்சியாளர்கள் வாரா வாரம் இந்த எண்ணைக் குறித்துவைத்து, திடீரென்று ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த எண்களை வைத்து எதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். நான்கு நொடி பாய்ந்து ஓடினால் துடிப்பு உடனே ஏறாது. பந்து போன பிறகு, நிற்கும்போது ஏறும். ஆகவே ஒரு குறிப்பிட்ட ஓட்டத்தை வைத்து ஒருவரைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். நிமிடக் கணக்கில் பாருங்கள். நம் ஊர் வெக்கையிலும், தண்ணீர் குடிக்காமல் ஆடும்போதும் அதே வேலைக்குத் துடிப்பு கூடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகை, துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கே பொருந்தாது. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், அளவு மீறிய மூச்சிரைப்பு வந்தால் எண் என்ன காட்டினாலும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

அண்ணனிடம் கிராப்பை பிரின்ட் எடுத்துக் கொடுத்து, "அண்ணே, டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்க" என்றேன். முதலில் கேட்கவில்லை. அண்ணி பார்த்த பிறகு போனார். டாக்டர் கிராப்பைச் சற்று நேரம்தான் பார்த்தாராம். முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்த்திருக்கிறார். 160க்கு 100. இது எத்தனை நாளாக இருக்கிறதோ, அண்ணனுக்கே தெரியாது. ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தன. மாத்திரை தொடங்கினார்கள். ஆறு வாரம் வாக்கிங் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் என்று சொன்னார்கள். கொடுத்த மாத்திரை துடிப்பைப் பிடித்துவைக்கும் வகையா என்று கேட்கச் சொல்லியிருந்தேன். இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர்தான் எங்கள் கோல்கீப்பர். ஞாயிறு காலை பைலை மெயிலில் அனுப்பிவிடுவார். பூஜ்யத்தை நீக்குவது, ஆடிய பகுதியை வெட்டி ஒட்டுவது, கவுன்ட்இஃப் போடுவது எல்லாம் அவரே செய்து, தேதி வாரியாக ஷீட் வைத்திருக்கிறார். போன வாரம் ஆடிய நேரத்தின் சராசரி 139, அதாவது 76 சதவீதம். ஐந்தாம் மண்டலத்தில் 3 நிமிடம் இருந்ததே, எப்படி என்று கேட்டேன். "அந்த மூணு நிமிஷம் நீங்கள்லாம் டிபென்ஸ் ஆடலை தம்பி" என்றார்.